சித்தாளாக இருந்து கற்ற மண்சுவர்

மண்ணால் வீடு கட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எங்கே எத்தனை நாள் பயிற்சி எடுக்கலாம் என்பதைத்தான். ஆரோவில் என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் அந்த ஊரில் 1989-இல் மத்திய அரசின் வீட்டுவசதிக் கடன் நிறுவனமான ஹட்கோவின் ஆதரவுடன் தொடங்கிய கட்டுமான மையம், பின்னாளில் மண் கட்டுமானத்துக்கென்றே ஒரு நிலையமாக வளர்ந்து, பல நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குக் கற்பித்துவருகிறது. அங்குள்ள பார்வையாளர் மையம், எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரால் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கு வழங்கப்படும் விருதை 1992-இல் பெற்றது. செம்மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் நீர் தெளித்துப் பதப்படுத்தும் கட்டிகளை நான் முதலில் கண்டதும் அங்கேதான். அந்த முறையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் நான் கற்க விரும்பியது அதற்கும் முந்தையதை: சிமென்டும் எந்திரமும் இல்லாமல், தோண்டிய மண்ணை ஊறவைத்து, காலால் மிதித்து, உருண்டை பிடித்து, படை படையாக ஏற்றும் சுவரை. அதை அறிந்தவர்கள் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் சேர ஒரே வழிதான் உண்டு. சித்தாளாக வேலைக்குப் போக வேண்டும்.

நான் கட்டடப் பொறியியலில் டிப்ளமோ முடித்து, புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் வீட்டு வரைபடங்கள் வரைந்துகொண்டிருந்தவள். கான்கிரீட் கலவையின் விகிதமும் கம்பிகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியும் எனக்கு மனப்பாடம். மனையின் மண் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு மேல் அந்த மண்ணைப் பற்றி எந்த வரைபடமும் என்னைக் கேட்டதில்லை. பண்ருட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் முந்திரித் தோப்பின் ஓரத்தில் மண்வீடு கட்டப்போகிறார் என்றும், அதற்கு எழுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவரை ஒப்புக்கொள்ளவைத்திருக்கிறார் என்றும் கேள்விப்பட்டு, நானும் வேலைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினேன். மேஸ்திரி ஐயா ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். "தையில வந்தா ஓடு மேயுற வரைக்கும் இருக்கணும் பாப்பா. நடுவுல வந்துட்டு நடுவுல போனா ஒண்ணும் புரியாது." அந்த நிபந்தனையின் பொருள் சுவர் எழும்பத் தொடங்கிய பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இந்த வேலையில் ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி காய்ந்த விதத்தைப் பொறுத்தே அமைகிறது. ஒரு வாரத்தை மட்டும் கண்டவர்களுக்கு அந்த வாரம் ஏன் அப்படி நடந்தது என்று தெரிய வழியில்லை.

மண்ணைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கடலூர் கேப்பர் மலையிலிருந்து பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் வரை பரவியிருக்கும் மேட்டு நிலத்தைப் புவியியலார் கடலூர் மணற்கல் என்ற பெயரால் குறிப்பிடுகிறார்கள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அந்தப் படிவத்தோடு சேர்ந்தே கிடக்கிறது. முந்திரியும் பலாவும் செழிப்பது அதன் மேலிருக்கும் செம்மண்ணில்தான். கெடிலமும் தென்பெண்ணையும் அறுத்துச் சென்ற பள்ளங்களில் வண்டலும் களியும் இருக்கின்றன. கிழக்கே போகப் போகக் கடற்கரை மணல். சில மைல் தூரத்துக்குள் மூன்று வகை மண் கிடைப்பதால், பக்கத்து ஊரில் சரியாக வந்த கலவையை நம் மனையில் அப்படியே பயன்படுத்த முடியாது. ஆரோவில் நிலையம் அழுத்தக் கட்டிக்கு உகந்ததாகச் சொல்லும் மண்ணில் சரளை 15, மணல் 50, நுண்மண் 15, களி 20 என்ற அளவில் நூற்றுக்கூறுகள் இருக்கும். மேஸ்திரி ஐயாவுக்கு அந்த எண்கள் தெரியாது. அவர் தேடியதும் ஏறத்தாழ அதே மண்ணைத்தான் என்பது பிறகு கண்ணாடிப் புட்டியில் மண்ணைக் கரைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் அமர்ந்துவிடும். நுண்மண் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். களி மறுநாள் வரை நீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். மூன்று படலங்களின் உயரத்தை அளந்தால் விகிதம் கிடைத்துவிடும்.

அவருடைய சோதனைகளுக்குப் புட்டியும் தேவையில்லை, ஒரு நாள் காத்திருப்பும் தேவையில்லை. வேரும் மக்கிய இலையும் கலந்த மேல்மண்ணை ஒன்றரை அடி வரை ஒதுக்கிவிட்டு, அதன் கீழிருந்து ஒரு பிடி எடுப்பார். முதலில் ஒரு துளியைப் பல்லிடையே வைத்துக் கடிப்பார்: மணல் நறநறக்கும், களி வழுக்கும். பிறகு நீர் விட்டுப் பிசைந்து இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே திரியாக உருட்டி, ஒரு முனையைப் பிடித்துத் தூக்குவார். விரல் நீளத்துக்கு முன்பே அறுந்தால் களி போதாது. சாண் நீளத்துக்குத் தொங்கினால் களி மிகுதி, காயும்போது சுவர் வெடிக்கும். அடுத்து, உருண்டை பிடித்து நெஞ்சுயரத்திலிருந்து தரையில் போடுவார். சிதறினால் மணல் அதிகம் அல்லது நீர் குறைவு, அப்பமாகத் தட்டையானால் நீர் அதிகம், இரண்டு மூன்று விரிசலோடு உருண்டையாகவே கிடந்தால் வேலைக்கு ஆகும். கடைசியில் கை கழுவுவார். ஒரு முறை நீர் ஊற்றியதும் கை சுத்தமானால் அது மணற்பாங்கு. தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தால் களி. இவை எல்லாவற்றையும் அவர் பேசிக்கொண்டே சில நிமிடங்களில் செய்துவிடுவார். எனக்கோ திரியின் நீளத்தைக் கண்ணால் பார்க்காமல் கை உணர்வது கைவர பங்குனி ஆயிற்று. ஆசிரியரின் மனைமண்ணில் மணல் சற்றுத் தூக்கலாக இருந்ததால், ஊர் ஏரியிலிருந்து உரிய அனுமதியோடு களிமண் கொண்டுவந்து, மூன்று நான்கு விதமாகக் கலந்து சிறு கட்டிகள் செய்து நிழலில் காயவைத்து, வெடிக்காததும் நகத்தால் கீறினால் உதிராததுமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

கடைக்கால் தோண்டி, கருங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்து, தரைமட்டத்துக்கு மேல் இரண்டரை அடிக்குக் கல்கட்டு எழுப்பிய பிறகுதான் மண் மேலே ஏறியது. நிலத்தின் ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறும் இயல்புடையது. தரையோடு தொடும் மண்சுவரின் அடிப்பகுதி ஆண்டுக்காண்டு கரைந்து, ஒரு நாள் மேற்சுவரோடு சரியும். கல்லுக்குள் அப்படி ஈரம் எளிதில் ஏறாது. மழைநீர் தரையில் பட்டுத் தெறிக்கும் உயரத்தையும் கல்லே ஏற்றுக்கொள்கிறது. அந்த இரண்டரை அடியை எப்படி முடிவு செய்தீர்கள் என்று மேஸ்திரி ஐயாவிடம் கேட்டேன். ஊரில் வெள்ளம் நின்ற அடையாளத்தைக் கோயில் சுவரில் காட்டினார். இந்த இடத்தில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரோடு தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர் வரை ஊர்களை மூழ்கடித்தது. ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில், சுவரின் இடுப்பளவுக்கு நீர் நிற்கக்கூடிய இடத்தில், சுண்ணாம்போ சிமென்டோ கலக்காத மண்வீடு கட்டக் கூடாது. இயற்கை வீட்டின் மீதுள்ள ஆசையால் இதை மறைப்பவர்கள், அந்த வீட்டில் குடியிருக்கப்போகிறவர்களுக்குத் தீங்கு செய்கிறார்கள்.

மண் மிதிப்பது முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடும். தோண்டிய மண்ணைப் பாத்தி கட்டி, நீர் நிரப்பி, இரவு முழுதும் ஊறவிடுவோம். விடியலில் மணலும் சாண் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலும் தூவி, நான்கைந்து பேர் வரிசையாக மிதிப்போம். குதிகாலால் அழுத்தி, மண்வெட்டியால் புரட்டி, மறுபடியும் மிதிக்க வேண்டும். வைக்கோலின் வேலை சுவருக்குள் இழுவிசையைத் தாங்குவது. மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளக்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி செய்வதை இங்கே வைக்கோல் இழைகள் தம் அளவில் செய்கின்றன. போதிய அளவு மிதித்ததை எப்படி அறிவது என்று கேட்டால், காலை எடுக்கும்போது வரும் ஓசை மாறும் என்றார்கள். உண்மையில் மாறுகிறது. முதலில் நீர் சளசளக்கும், பிறகு மண் காலைக் கவ்வும், முடிவில் பாதத்தின் அச்சு ஓரம் உடையாமல் பதிந்து நிற்கும். அந்தப் பதத்தில் உருண்டை பிடித்து, கைமாற்றிக் கைமாற்றிச் சுவரின் மேல் நிற்பவரிடம் வீசுவோம். அவர் அதைக் காலடியில் ஓங்கி எறிந்து, கட்டைவிரலாலும் குதிகாலாலும் கீழ்ப்படையோடு தைத்து இணைப்பார். புதிய மண் பழைய மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகக் கீழ்ப்படையின் மேற்பரப்பை முன்னதாகவே குழிகளாகக் குத்தி நீர் தெளித்து வைத்திருப்போம். ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவான உயரமுமாக ஒரு படை வீட்டைச் சுற்றி முடிந்தால், அதன் பக்கங்கள் பாதி இறுகியதும் தூக்குகுண்டு பார்த்து மண்வெட்டியால் சீவி நேராக்க வேண்டும்.

பிறகு காத்திருக்க வேண்டும். இதைத்தான் நகரத்துக் கட்டுமானத்திலிருந்து வந்த என்னால் முதலில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு படை தன் மேல் அடுத்த படையின் எடையைத் தாங்குமளவு இறுக, வெயில் நாட்களில் நான்கைந்து நாள் ஆகலாம். மாசிப் பனியில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு ஏற்றினால் கீழ்ப்படை பிதுங்கும். மிகவும் காயவிட்டு ஏற்றினால் இரண்டும் ஒட்டாது. கடும் வெயிலில் மேற்பரப்பு மட்டும் வேகமாகக் காய்ந்து வெடிக்காமலிருக்க, தென்னங்கீற்றால் மூடிவைப்போம். எனவேதான் அறுவடை முடிந்து வைக்கோல் கிடைக்கும் தையில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு வெகு முன்னரே கூரை ஏறிவிடும்படி இந்த வேலை காலத்தோடு பிணைந்திருக்கிறது. காத்திருக்கும் நாட்களும் வீணாகவில்லை. கதவு நிலைக்கு மரம் இழைப்பது, சுண்ணாம்பு ஊறவைப்பது, சாரத்துக்குச் சவுக்குக் கழிகளை ஆய்வது என வேலை இருந்துகொண்டே இருந்தது. அந்த ஓய்ந்த மதியங்களில்தான் மேஸ்திரி ஐயா நிறையச் சொன்னார். சுவர் எவ்வளவு உயரம் போகலாம் என்ற கேள்விக்கு, ஒன்றரை அடிச் சுவரைத் தம் ஆயுளில் பத்தடிக்கு மேல் ஏற்றியதில்லை என்றார். சன்னலை மூலைக்கு அருகில் வைக்கவே விடவில்லை, மூலையிலிருந்து ஓர் ஆள் கை நீட்டும் தூரமாவது வேண்டும் என்றார். மண் கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனுக்காக 1993-இல் வெளியான இந்தியத் தர நெறிமுறை (ஐஎஸ் 13827), சுவரின் உயரம் தடிமனைப் போல் எட்டு மடங்குக்கு மிகக் கூடாது என்றும், வெளிமூலைக்கும் திறப்புக்கும் இடையே 1.2 மீட்டராவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒன்றரை அடிக்கு எட்டு மடங்கு பன்னிரண்டு அடி. அவர் அந்த வரம்புக்கும் உள்ளேயே நின்றிருக்கிறார். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் நிலம் அதிர்ந்த கரை இது என்பதால், இந்தக் கணக்கை நான் அற்பமாக எண்ணவில்லை.

கூரைதான் இந்த வட்டாரத்தில் மிகக் கடினமான பகுதி. நான் மிகுதியாகக் கற்றதும் அதில்தான். மழையிடமிருந்து சுவரைக் காக்க இறவாரம் நீளமாக வெளியே வர வேண்டும். புயலுக்கோ நீண்ட இறவாரமே பிடிமானம். காற்று அதன் அடியில் புகுந்து கூரை முழுவதையும் நெம்பித் தூக்கிவிடும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் அழிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அன்று மண்வீடுகளுக்கு நேர்ந்ததை மேஸ்திரி ஐயா கவனித்துவைத்திருக்கிறார். பெரும்பாலும் முதலில் போனது கூரை. அதற்குப் பிறகு பெய்த மழையில் திறந்து கிடந்த சுவரின் தலை ஊறி, அடுத்தடுத்த நாட்களில் சுவர் விழுந்தது. ஆகவே அவர் இரண்டு கூரைகளாகப் போடுகிறார். நடுவீட்டின் கூரைக்கு நான்கு பக்கமும் சரிவு, இறவாரம் ஒன்றரை அடிக்குள். அதற்குக் கீழே, தனித் தூண்களின் மேல், தனி வாரைகளோடு தாழ்வாரம் வீட்டைச் சுற்றி வருகிறது. மழைச் சாரலை அது தாங்கிக்கொள்ளும். நடுக்கூரையின் மரங்களோடு தாழ்வாரத்தின் மரங்களை ஆணியடித்துப் பிணைப்பதில்லை. பெருங்காற்றில் தாழ்வாரம் போனாலும் அது நடுக்கூரையையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதே கணக்கு. புயல் பாதிக்கும் கரைகளுக்கான இன்றைய கட்டுமான வழிகாட்டுதல்களும் தாழ்வாரத்தைத் தனியாக அமைக்கவே சொல்கின்றன.

நடுக்கூரையைச் சுவரோடு பிணைப்பதற்கான ஏற்பாட்டைச் சுவர் முடிவதற்கு இரண்டு படைகள் முன்பே செய்தாக வேண்டும். சுவரின் அகலத்துக்குக் குறுக்கே வைரம் பாய்ந்த பனைத்துண்டுகளைப் படைக்குள் புதைத்து, அவற்றைச் சுற்றிய கம்பியை மேல்நோக்கி வெளியே விட்டு, அதற்கு மேல் இரண்டு படை மண்ணை ஏற்றினோம். கடைசியில் சுவரின் தலையில் உட்காரும் கட்டையை அந்தக் கம்பிகளால் இறுக்கியபோது, காற்று கூரையைத் தூக்க வேண்டுமானால் அந்த இரண்டு படைகளின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டும் என்றாயிற்று. முன்பு இதற்குப் பனைநார்க் கயிறு பயன்படுத்தியதாகவும், துருப்பிடிக்காத கம்பி வந்த பிறகு தாம் மாறிக்கொண்டதாகவும் சொன்னார். பழையதை அப்படியே காப்பது அவர் நோக்கமாக இருந்ததில்லை; வீடு நிற்க வேண்டும் என்பதே நோக்கம். வாரைகளுக்குப் புதிதாகப் பனை வெட்டவில்லை. 2021 முதல் தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது. அது நல்ல முடிவு. இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து வரும் பனை வாரைகள் கரும்பாறை போல் இறுகி, புதிய மரத்தை விட நன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்குக் கரையான் தடுப்பாக முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் தொழில் பரவியிருப்பதால் அது எளிதில் கிடைக்கிறது. தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் எண்ணெய் அது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மேலே பழைய சீமை ஓடுகளை வேய்ந்து, இறவாரத்தை ஒட்டிய வரிசைகளைக் கம்பியால் சட்டங்களோடு கட்டினோம்.

பூச்சு வேலைக்கு மேஸ்திரி ஐயாவின் அக்கா வந்தார். ஊரே அவரை ஆயா என்றழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். இளம்வயதில் புதுச்சேரியில் மாடிவீட்டுத் தளங்களுக்குச் சுண்ணாம்புச் சல்லி போட்டு, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய வேலையில் இருந்தவர் அவர். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் குறிப்பிடும் அந்தத் தளங்கள் பிரெஞ்சுக்காரர் தெருக்களிலும் தமிழர் தெருக்களிலும் இன்றும் நிற்கின்றன. அவற்றின் கீழே உத்தரக்கட்டைகளைப் பார்த்து வியப்பவர்கள், மேலே தளத்தை இறுக்கிய கைகளைப் பற்றி எங்கும் படித்திருக்க மாட்டார்கள். ஆயா பூச்சைத் தொடங்கும் முன் சுவரின் ஒரு பக்கத்தில் முழம் அகலத்துக்குப் பல திட்டுகளைப் பூசிவைத்தார். ஒன்றில் மணல் ஒரு பங்கு கூடுதல், ஒன்றில் சாணம் கூடுதல், ஒன்றில் உமி. அவை காய்ந்த பிறகு வெடிக்காததையும், விரலால் தேய்த்தால் பொடி உதிராததையும் கண்டுபிடித்து, அந்த விகிதத்தையே வீடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டார். ஆய்வகத்தில் செய்தால் இதற்கு ஒரு பெயரும் ஓர் அறிக்கையும் இருந்திருக்கும்.

வெளிச்சுவரின் மேற்பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பு. சிப்பியையும் கிளிஞ்சலையும் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் அவற்றிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது; அது நீரில் கொதித்து நீறுகிறது; சுவரில் பூசிய பின் காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகிறது. சிமென்டுக்கு 1,450 டிகிரி வரை சூளை எரிய வேண்டும். ஆயா கடுக்காயையும் வெல்லத்தையும் நீரில் போட்டுப் புளிக்கவைத்து, அந்த நீரால்தான் சுண்ணாம்பைக் குழைத்தார். ஆசிரியரின் உறவினர் ஒருவர் இதெல்லாம் எதற்கு, வெளிப்பக்கம் மட்டும் சிமென்ட் பூசிவிடலாமே என்றபோது ஆயா கடுமையாக மறுத்தார். மண்சுவர் ஈரத்தை ஏற்றுக்கொண்டு மறுபடியும் காற்றுக்கு விட்டுவிடும் இயல்புடையது. சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடுகிறது. சிமென்ட் பூச்சோ எப்படியும் மயிரிழை அளவாவது விரிசல் விடும். அதன் வழியே உள்ளே போன மழைநீர் திரும்பி வர முடியாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கி, மண்ணைச் சேறாக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் நன்றாகவே தெரியும். ஒரு நாள் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போதுதான் உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை என்பது தெரியவரும். நம் ஊர்களில் மண்வீடு நிலைக்காது என்ற எண்ணம் பரவியதில், நல்ல மண்சுவர்களின் மேல் இப்படிப் பூசப்பட்ட சிமென்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு அறிவு உள்ள ஆயாவுக்கு, வாழ்நாள் முழுவதும் எழுதப்பட்ட கூலி சித்தாள் கூலி. கரணை பிடித்தவர் கொத்தனார், கையால் பூசியவர் சித்தாள் என்ற கணக்கு எங்கே தொடங்கியதோ தெரியவில்லை. ஆனால் பூச்சு கெட்டால் சுவர் கெடும் என்பதை அறிந்த எவரும் அதை ஒப்புக்கொள்ள முடியாது. இயற்கை வீடு குறைந்த செலவில் முடியும் என்று சொல்லப்படும்போதெல்லாம், அந்தக் குறைவு யாருடைய கூலியிலிருந்து வருகிறது என்று நான் கேட்கிறேன். மண் மலிவு, உழைப்பு மலிவன்று. மிதிப்பவருக்கும் பூசுபவருக்கும் உரிய கூலியைக் கொடுத்தால், மண்வீட்டின் செலவு சாதாரணச் செங்கல் வீட்டை ஏறத்தாழ நெருங்கிவிடும். அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஆலைக்கும் கடைக்கும் போகாமல் ஊரின் கைகளுக்குப் போகிறது என்பதே வேறுபாடு. எனக்கு அது போதுமான காரணமாகத் தெரிகிறது.

மக்கள் கான்கிரீட் வீட்டை விரும்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். கூரை வீடு என்றால் ஏழ்மையின் அடையாளம். கோடையில் ஒரு பொறி விழுந்தால் ஒரு தெருவே எரிந்திருக்கிறது. புயலுக்கு முன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர்கள் மொட்டைமாடி வீட்டைக் கேட்பதில் என்ன பிழை? 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்துக் குடிசைகளை மாற்ற முற்படுகிறது. என் வேண்டுகோள் சிறியது. தடித்த மண்சுவரையும் ஓட்டுக்கூரையையும் குடிசையோடு சேர்த்து எண்ணி இடிக்க வேண்டாம். சித்திரை மதியத்தில் அந்த ஒன்றரை அடிச் சுவருக்குள் நுழைந்தவர்களுக்கு, பகலின் வெப்பம் சுவரைக் கடந்து உட்புறத்தை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுவது தெரியும். மின்விசிறி நின்றுபோன இரவுகளில் தகிக்கும் கான்கிரீட் தளத்தின் கீழ் படுத்தவர்களுக்கும் அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், மண்வீட்டுக்கு ஆண்டுதோறும் கைவேலை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்: பொங்கலுக்கு முன் சுவரைச் சுற்றிப் பார்த்து, பெயர்ந்த இடங்களில் பூசி, சுண்ணாம்பு அடித்து, கரையான் ஏறிய தடத்தைத் தட்டிவிட வேண்டும். அதற்கு நேரமோ ஆளோ இல்லாத குடும்பத்துக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் உங்கள் ஊரிலேயே விசாரியுங்கள். மண்சுவர் வைத்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், தளம் அடித்தவர்கள் அறுபது எழுபது வயதில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் பேட்டி எடுக்கப் போகாதீர்கள். ஒரு மாட்டுக்கொட்டகையோ சுற்றுச்சுவரோ கட்டும் வேலையைக் கொடுத்து, முழுக் கூலியும் கொடுத்து, அவர்கள் பக்கத்தில் மண் மிதியுங்கள். தையில் தொடங்குங்கள். ஆரோவில் பயிற்சியையும் அதற்குப் பிறகு எடுங்கள். கையால் மண்ணை அறிந்தவர்களுக்கு அங்கே சொல்லப்படும் கணக்கு எளிதில் விளங்கும்.

வரும் தையில் நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இரண்டறை வீடு தொடங்குகிறோம். மனைமண்ணைச் சோதித்தாயிற்று, களி கூடுதலாக இருப்பதால் மணல் சேர்க்க வேண்டியிருக்கும். சுவருக்கு மேஸ்திரி ஐயா, பூச்சுக்கு ஆயா என்று பொறுப்பைப் பிரித்து, இருவருக்கும் ஒரே கூலி என்று ஒப்பந்தத் தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். மண் மிதிக்க இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. ஓடு வேயும் வரை இருக்க முடிந்தவர்கள் வரலாம்.